ஹியூகோ + கிட்ஹப் பேஜஸ்: தமிழில் வலைப்பதிவு எழுதும் கணினி மாணவருக்கு ஏற்றதா?

புரோகிராமிங் படிக்கும் மாணவர் வலைப்பதிவு தொடங்க நினைத்தால் இரண்டு வழிகள் உண்டு. பிளாகர், வேர்ட்பிரஸ் போன்ற இடத்தில் கணக்குத் திறந்து, பெட்டிக்குள் தட்டெழுதி, ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்துவது ஒரு வழி. பதிவுகளைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களாக எழுதி, ஒரு நிரலை ஓட்டி அவற்றைத் தளமாக்கி, சர்வரில் ஏற்றுவது இன்னொரு வழி. இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. தளத்தைக் கட்டித்தருவது ஹியூகோ, அதைக் காசில்லாமல் இணையத்தில் வைத்துக்கொள்வது கிட்ஹப் பேஜஸ்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கிட் (ஃபைல்களின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி), டெர்மினல் (கட்டளை தட்டும் திரை), மார்க்டவுன் (சில குறிகளால் உரையை வடிவமைக்கும் எளிய எழுத்துமுறை), எச்டிஎம்எல் எல்லாவற்றையும் எப்படியும் கற்றாக வேண்டிய மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் தமிழில் எழுதுவதானால் சுமார் பத்து இடங்களில் கைவைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அவை எந்தக் கையேட்டிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அதனால்தான் இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அவற்றுக்கே போகிறது.

ஹியூகோ 2013-ல் ஸ்டீவ் ஃபிரான்சியா தொடங்கிய திறமூலத் திட்டம், கோ மொழியில் எழுதப்பட்டது. அதனால் மாணவருக்கு நேரடியான ஒரு நன்மை உண்டு. முழு மென்பொருளும் ஒரே ஒரு ஃபைல். இதே வேலையைச் செய்யும் ஜெக்கிலுக்கு ரூபி வேண்டும், எலவன்டிக்கு நோட் வேண்டும், அவை ஒவ்வொன்றும் தத்தம் பேக்கேஜ்களை இழுத்துக்கொண்டு வரும். ஹியூகோவுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பிலும் சில நூறு பதிவுகளை ஓரிரு விநாடிகளில் கட்டிமுடித்துவிடும். ‘ஹியூகோ சர்வர்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் உங்கள் கணினியிலேயே 1313 என்ற போர்ட்டில் தளம் ஓடும். எடிட்டரில் ஒரு வரியைத் திருத்திச் சேமித்த கணமே பிரவுசரில் பக்கம் தானாக மாறும். எழுதும்போது இது பெரிய வசதி. பழகியவருக்கு முன்னோட்டப் பொத்தானை அழுத்திக் காத்திருக்கப் பொறுமை இருக்காது.

நிறுவும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, ‘எக்ஸ்டெண்டட்’ என்று பெயரிட்ட பதிப்பையே எடுங்கள். பல தீம்கள் (தளத்துக்குத் தோற்றம் தரும் ஆயத்த வடிவமைப்புகள்) சாஸ் வகை ஸ்டைல் ஃபைல்களை நம்பியிருக்கின்றன. சாதாரணப் பதிப்பில் அவை பாதியில் பிழை காட்டி நிற்கும். இரண்டாவது, உபுண்டு, டெபியன் பயன்படுத்துபவர்கள் ‘ஆப்ட்’ மூலம் நிறுவினால் வருவது பெரும்பாலும் பழைய பதிப்பு. தீம் அதைவிடப் புதிய பதிப்பைக் கேட்கும். ஹியூகோவின் கிட்ஹப் பக்கத்திலிருந்தே நேரடியாக இறக்கிக்கொள்வது நல்லது. எந்தப் பதிப்பை நிறுவினீர்களோ அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தீம் சேர்ப்பதில்தான் முதல் சறுக்கல் நடக்கும். தீமை கிட் சப்மாட்யூலாகச் சேர்க்கச் சொல்லித்தான் கையேடு கற்றுத்தரும். சப்மாட்யூல் என்றால் உங்கள் ரெப்போவுக்குள் (கிட் காக்கும் ஃபோல்டருக்குள்) தீமின் ஃபைல்கள் இருக்காது. ‘அந்த ரெப்போவின் இந்த கமிட் (சேமித்த நிலை)’ என்ற சுட்டி மட்டுமே இருக்கும். லேப்டாப்பில் எல்லாம் சரியாக ஓடும். கல்லூரி லேபில் அதே ரெப்போவை க்ளோன் செய்தால் (நகலிறக்கினால்) தீம் ஃபோல்டர் காலியாக இருக்கும். ஹியூகோவும் பெரிதாகச் சத்தம்போடாது. முகப்புக்கான லேஅவுட் ஃபைல் கிடைக்கவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரி மட்டும் காட்டிவிட்டு வெற்றுப் பக்கத்தைக் கட்டித்தரும். க்ளோன் செய்யும்போதே ‘ரிகர்ஸ் சப்மாட்யூல்ஸ்’ என்ற தேர்வைச் சேர்த்தால் தீரும். மறந்துவிட்டால் பிறகு சப்மாட்யூல் அப்டேட் கட்டளையை ‘இனிட்’ தேர்வுடன் ஓட்டலாம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஒர்க்ஃப்ளோவிலும் (தளத்தைத் தானாகக் கட்டி ஏற்றும் படிகளின் பட்டியல்) செக்அவுட் படியில் சப்மாட்யூல்ஸ் என்பதற்கு ‘ரிகர்சிவ்’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

தீமின் ஃபைல்களை நேரடியாகத் திருத்தாதீர்கள். தீமை அப்டேட் செய்யும் நாளில் திருத்தங்கள் ஒன்று மோதும், அல்லது காணாமல் போகும். ஹியூகோவின் விதி எளிது: தீமில் உள்ள ஃபைலுக்கு அதே பாதையில், அதே பெயரில் உங்கள் தளத்தின் ஃபோல்டரில் ஒரு ஃபைல் இருந்தால், உங்களுடையதுதான் செல்லும். மாற்ற வேண்டியதை நகலெடுத்து வெளியே வைத்துத் திருத்துங்கள்.

ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஃப்ரண்ட் மேட்டர் என்ற சிறு பகுதி இருக்கும். தலைப்பு, தேதி, வரைவா இல்லையா, குறிச்சொற்கள் எல்லாம் அதில்தான். இதை மூன்று கழித்தல் குறிகளுக்கு நடுவே எழுதினால் அது யாமல் என்ற வடிவம், மூன்று கூட்டல் குறிகளுக்கு நடுவே எழுதினால் டாமல் என்ற வடிவம். யாமலில் முக்காற்புள்ளிக்குத் தனிப் பொருள் உண்டு. ‘பைதான்: முதல் பாடம்’ என்ற தலைப்பை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பதை இன்னொரு மதிப்பாக எடுத்துக்கொண்டு, தளத்தைக் கட்டவே மறுத்துவிடும். தலைப்பை எப்போதும் மேற்கோளுக்குள் வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது.

‘பதிவு எழுதினேன், தளத்தில் வரவில்லை’ என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். வரைவு என்ற குறி ‘ட்ரூ’ என்றே விடப்பட்டிருக்கலாம். லேப்டாப்பில் வரைவுகளையும் காட்டும் தேர்வோடு சர்வரை ஓட்டியிருப்பீர்கள், அதனால் அங்கே தெரிந்திருக்கும். இரண்டாவது காரணம் தேதி. எதிர்காலத் தேதியிட்ட பதிவுகளை ஹியூகோ கட்டாது. தேதியோடு நேரத்தை எழுதி, நேர வலயத்தை எழுதாமல் விட்டால் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய ஊரில் உட்கார்ந்து காலை 9 மணி என்று எழுதினால், ஹியூகோவின் கணக்கில் அந்தப் பதிவு பிற்பகல் இரண்டரை மணிக்குத்தான் பிறக்கும். அதுவரை எத்தனை முறை புஷ் செய்தாலும் (கிட்ஹப்புக்கு அனுப்பினாலும்) வராது. தள அமைப்பு ஃபைலில் டைம்சோனை ஒருமுறை எழுதிவிட்டால் தீர்ந்தது. மூன்றாவது காரணம் ஃபைலின் பெயர். படங்களோடு சேர்த்துப் பதிவை ஒரு ஃபோல்டராக வைக்கும்போது உள்ளே இருக்கும் மார்க்டவுன் ஃபைலின் பெயர் ‘இண்டெக்ஸ்’ என்று இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஓர் அடிக்கோடு சேர்ந்துவிட்டால் அந்த ஃபோல்டரைப் பதிவாக அல்ல, பதிவுகளை அடக்கிய பகுதியாகப் பார்க்கும். ஒரே ஓர் அடிக்கோட்டால் பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது. ஹியூகோவின் வடிவமைப்பில் குறைசொல்லத் தக்க இடம் இது.

இனி தமிழுக்கு வருவோம்.

முதலில் ஃபைல் பெயர். ஹியூகோவில் பதிவின் இணைய முகவரி ஃபைல் பெயரிலிருந்துதான் வருகிறது, தலைப்பிலிருந்து அல்ல. ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், ஹியூகோ தடுக்காது. ஆனால் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். முகவரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள் (த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி), ஆக 45 எழுத்துகள். ‘பைதான்-நிறுவுவது-எப்படி’ என்ற சிறிய பெயர் 191 எழுத்துகளாக நீளும். அதைச் செய்தியில் அனுப்பினால் வாங்குபவர் ஏதோ வைரஸ் சுட்டி என்று நினைப்பார். ஃபைல் பெயரை ரோமன் எழுத்தில், சிறியதாக வையுங்கள்; தலைப்பு மட்டும் தமிழில் இருக்கட்டும். நடு உரைத் தலைப்புகளுக்கும் இப்படியே: சுருள் அடைப்புக்குள் எண் குறியும் ஒரு ரோமன் பெயரும் சேர்த்தால் அந்தப் பகுதிக்கு நீங்கள் கொடுத்த பெயரே சுட்டியாகும்.

அப்படியும் தமிழில்தான் பெயர் வைப்பேன் என்றால், ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்ததும் ஃபைல் பெயருக்குப் பதிலாக \340\256\244 என்பது போல எண்கள் வரும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. ‘த’ என்ற எழுத்தின் மூன்று பைட்டுகளை கிட் எட்டடிமான எண்களாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். ‘கோர்’ பிரிவில் ‘க்வோட்பாத்’ என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும். தமிழ் ஃபைல்களோடு கிட் பயன்படுத்தும் எவரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்து மார்க்டவுன். தடித்த எழுத்துக்கு இரண்டு நட்சத்திரக் குறிகள் போடுவோம். ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின் இடைவெளி வரும், பிரச்சினை இல்லை. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். மேற்கோள் குறிகளையும் நட்சத்திரங்களுக்குள் அடக்கி, உருபை வெளியே ஒட்டி எழுதிப் பாருங்கள்: **“ஹியூகோ”**வில். பக்கத்தில் தடித்த எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும். காரணம், மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால் அது மூடும் குறியே அல்ல என்பது மார்க்டவுனின் பொது வரையறையான காமன்மார்க்கின் விதி. மேற்கோளை நட்சத்திரங்களுக்கு வெளியே எடுத்து “**ஹியூகோ**”வில் என்று எழுதினால் சரியாகிவிடும். சாய்வெழுத்துக்கு அடிக்கோடு போடுபவர்களுக்கு இன்னும் சிக்கல். சொல்லின் நடுவே அடிக்கோடு வேலை செய்யாது என்பது விதி. உருபு ஒட்டிய தமிழ்ச் சொல் அதன் கண்ணுக்கு ஒரே சொல்தான். ஆகவே தமிழில் எப்போதும் நட்சத்திரக் குறியே.

சாய்வெழுத்தையே தவிர்ப்பது இன்னும் நல்லது. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சாய்வு வடிவம் கிடையாது. பிரவுசர் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்க்கும். கொம்பும் சுழியும் பக்கத்து எழுத்தின்மேல் விழும். ஸ்டைல் ஃபைலில் அழுத்தச் சொற்களுக்குச் சாய்வை நீக்கிவிட்டு நடுத்தரத் தடிமன் கொடுத்தால் பார்க்க அழகாக இருக்கும். வரி இடைவெளியையும் கூடவே மாற்றுங்கள். ஆங்கிலத் தீம்கள் பலவற்றில் 1.5 அளவு இருக்கும், தமிழுக்கு 1.7 அல்லது 1.8 வேண்டும். இல்லையென்றால் மேல்வரியின் ‘ழு’, ‘று’ கீழ்வரியின் ‘கி’, ‘தீ’ மேல் இடிக்கும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் நம்பகமானவை. உடல் உரைக்கு ஒன்றே போதும். சாதாரணம், தடித்தது என இரண்டு எடைகளை மட்டும் ஏற்றுங்கள். இருக்கும் எல்லா எடைகளையும் ஏற்றினால் மெதுவான இணைப்பில் பக்கம் திறக்கத் திணறும். பேப்பர்மாட் தீம் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வேலை எளிது: தளத்தின் அசெட்ஸ் ஃபோல்டரில் சிஎஸ்எஸ், அதற்குள் எக்ஸ்டெண்டட் என்று ஃபோல்டர் உண்டாக்கி உங்கள் ஸ்டைல் ஃபைலைப் போட்டால் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

நிரல் துண்டுகளில் தமிழ்க் குறிப்புரை எழுதுபவர்கள் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: தமிழ் எழுத்துகள் சம அகலத்தில் அமையா. குறிப்புரைகளை ஒரே நேர்கோட்டில் அடுக்க இடைவெளி சேர்த்தால் உங்கள் திரையில் நேராக இருந்தது அடுத்தவர் திரையில் கோணும். குறிப்புரையைத் தனி வரியில், நிரலுக்கு மேலே எழுதிவிடுங்கள். நிரலுக்கு வண்ணம் தீட்டுவது ஹியூகோவுக்குள்ளேயே இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் எதுவும் வேண்டாம். மூன்று பேக்டிக் (`) குறிகளுக்குப் பக்கத்தில் மொழியின் பெயரை எழுதினால் போதும். இதில் ஹியூகோவுக்கு முழு மதிப்பெண்.

ஆனால் கட்டளைகளைப் பேக்டிக் இல்லாமல் வெறும் உரையாக எழுதிவிடாதீர்கள். ஹியூகோ உரையை அழகுபடுத்தும். நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்கும், அடுத்தடுத்த இரண்டு கழித்தல் குறிகளை ஒரே நீளக் கோடாக்கும். பார்க்க நன்றாக இருக்கும். வாசகர் அந்தக் கட்டளையை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டினால் ஓடாது, எங்கே தவறு என்று கண்ணுக்கும் தெரியாது. பாடம் எழுதும் பதிவில் இது வாசகரின் அரைமணி நேரத்தைத் தின்றுவிடும்.

குறிச்சொற்களில் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத பிழை உண்டு. ‘பௌதிகம்’ என்பதில் வருவது ஔகாரக் குறி. சிலர் ஒற்றைக்கொம்பும் ‘ள’ என்ற எழுத்தும் சேர்த்து ‘பெளதிகம்’ என்று தட்டிவிடுவார்கள். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். விளைவு, ஒரே பெயரில் இரண்டு குறிச்சொல் பக்கங்கள், பதிவுகள் அங்கே பாதி இங்கே பாதி. ஒகரத்திலும் இது நடக்கும். ‘தொடர்’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையை ஒட்டும்போது கவனமாக இருங்கள். குறிச்சொற்களை ஒவ்வொரு முறையும் தட்டெழுதாமல், முந்தைய பதிவிலிருந்து நகலெடுப்பதே பாதுகாப்பு.

மாதப் பெயர் தமிழில் வர வேண்டுமா? தளத்தின் இயல்பு மொழியைத் தமிழ்க் குறியீட்டுக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகும் ஆங்கில மாதமே வந்தால், தீம் தேதியை வடிவமைக்கப் பழைய முறையைப் பயன்படுத்துகிறது என்று பொருள். தேதியோடு புள்ளிவைத்து ஒட்டிய ‘ஃபார்மேட்’ மொழி பார்க்காது, ‘டைம்’ தொகுதியில் உள்ள ‘ஃபார்மேட்’ மொழி பார்க்கும். அந்த வரியில் ‘ஜனவரி 2, 2006’ என்று ஆங்கிலத்தில் இருப்பதைக் கண்டு, பழைய ஆண்டு போலிருக்கிறதே என்று நடப்பு ஆண்டாக மாற்றிவிடாதீர்கள். கோ மொழியில் தேதி வடிவத்தைச் சொல்லும் மாதிரித் தேதியே அதுதான். 2006-ஐ மாற்றினால் பதிவுகளின் தேதிகள் எல்லாம் உளறலாகும். ‘மேலும் படிக்க’, ‘அடுத்த பதிவு’ போன்ற சொற்களுக்கு, தீமின் ‘ஐ-18-என்’ ஃபோல்டரில் உள்ள ஆங்கில ஃபைலை நகலெடுத்து, உங்கள் தளத்தில் அதே பெயருள்ள ஃபோல்டரில் தமிழ்க் குறியீட்டுப் பெயரில் வைத்து மொழிபெயர்த்துவிடலாம்.

‘வாசிக்க இத்தனை நிமிடம்’ என்று காட்டுவதை அணைத்துவிடுங்கள். நிமிடத்துக்கு 212 சொற்கள் என்ற கணக்கில் ஹியூகோ அதைச் சொல்கிறது. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்பது அதற்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் இதற்கு ஏழெட்டுச் சொற்கள் ஆகும். தமிழ்ப் பதிவுக்கு அந்த எண் எப்போதும் குறைவாகவே வரும்.

கிட்ஹப் பேஜஸுக்குப் போவோம். இலவசக் கணக்கில் ரெப்போ பொதுவில் இருக்க வேண்டும். கட்டிய தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதத்துக்கு 100 ஜிபி வரை தரவுப் போக்குவரத்து என்பது நெகிழ்வான வரம்பு. எழுத்தும் சில படங்களும் உள்ள மாணவர் தளம் இந்த வரம்புகளின் பக்கத்தில்கூடப் போகாது. எச்டிடிபிஎஸ் தானாகவே கிடைக்கும். சொந்த டொமைன் வாங்கினால் டிஎன்எஸ் பக்கத்தில் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இடம்) நான்கு ‘ஏ’ பதிவுகள் எழுத வேண்டும்: 185.199.108.153-ல் தொடங்கி, மூன்றாவது எண் 109, 110, 111 என மாற, மற்றவை அப்படியே. நான்கையும் எழுதுங்கள், ஒன்று மட்டும் போதாது.

முதல் தளத்துக்கு ரெப்போவின் பெயர் உங்கள் பயனர் பெயரோடு ‘கிட்ஹப் டாட் ஐஓ’ சேர்ந்ததாக இருக்கட்டும். வேறு பெயர் வைத்தால் முகவரியின் பின்னால் சாய்கோடும் ரெப்போ பெயரும் ஒட்டிக்கொள்ளும். அதை அமைப்பு ஃபைலின் ‘பேஸ் யூஆர்எல்’ வரியில் எழுத மறந்தால் ஸ்டைல் ஃபைல் ஏறாது, தளம் அலங்காரமே இல்லாத வெள்ளைத்தாளாக நிற்கும். ‘லேப்டாப்பில் அழகாக இருந்தது, ஏற்றியதும் கெட்டுவிட்டது’ என்றால் முதலில் பார்க்க வேண்டிய வரி இதுதான். இரண்டாவதாக, படத்தின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், தளத்தின் சர்வர் எடுத்துக்கொள்ளாது. கேமரா வைத்த பெயரில் நீட்சி பெரிய எழுத்தில் இருந்து, நீங்கள் சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருந்தால் படம் வராது.

கட்டிய ‘பப்ளிக்’ ஃபோல்டரைக் கையால் ஏற்றும் பழைய முறையை விடுங்கள். ஹியூகோ ஒவ்வொரு முறையும் அந்த ஃபோல்டரைத் துடைத்துவிட்டுக் கட்டுவதில்லை. நீங்கள் நீக்கிய பதிவும், தவறுதலாக ஒருமுறை கட்டிய வரைவும் அதில் அப்படியே தங்கியிருக்கும். ரெப்போவின் செட்டிங்ஸில் பேஜஸ் பகுதிக்குப் போய், மூலம் என்ற இடத்தில் ‘கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்’ என்று தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு புஷ்ஷுக்கும் அவர்களின் கணினியில் புதிதாகக் கட்டி ஏற்றிவிடும். ஒர்க்ஃப்ளோ ஃபைலில் ஹியூகோ பதிப்பு எண் எழுதும் வரி இருக்கும். நிறுவும்போது குறித்து வைத்த எண்ணையே அங்கும் எழுதுங்கள். ஹியூகோ அடிக்கடி புதுப்பிப்பு வெளியிடும் திட்டம். பழைய அமைப்புகளைக் கைவிடுவதில் அதற்குத் தயக்கம் கிடையாது. இரண்டு இடத்திலும் பதிப்பு வேறானால், இங்கே ஓடியது அங்கே சிவப்புக் குறியோடு நிற்கும். தேர்வுக் காலத்தில் தீமையும் ஹியூகோவையும் அப்டேட் செய்யாமல் இருப்பது நல்லது.

புஷ் வெற்றி, பச்சைக் குறியும் வந்துவிட்டது, ஆனாலும் பழைய பக்கமே தெரிகிறதா? பேஜஸ் தன் பக்கங்களை 10 நிமிடம் தற்காலிக நினைவில் வைத்துக்கொள்ளும்படி பிரவுசருக்குச் சொல்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், இல்லையென்றால் பொறுத்திருங்கள். பதறிப்போய் மீண்டும் மீண்டும் புஷ் செய்வதில் பயனில்லை. புஷ் செய்யும்போது கடவுச்சொல் கேட்டு, சரியாகக் கொடுத்தும் மறுத்தால் அதற்குக் காரணம் வேறு: 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்கு கிட்ஹப் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. எஸ்எஸ்எச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் ஃபைல்) உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை பத்து நிமிட வேலை.

ரெப்போ பொதுவில் இருக்கிறது என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். வரைவு என்று குறித்த பதிவு தளத்தில் வராது, ஆனால் ரெப்போவைத் திறப்பவர் எவரும் அதைப் படிக்கலாம். வெளியிட மனமில்லாத எழுத்தை, வேறொருவரைப் பற்றிய குறிப்பை, அங்கே வைக்காதீர்கள். ஏபிஐ சாவி (ஒரு சேவையை உங்கள் பெயரில் பயன்படுத்தும் ரகசியக் குறி) ஒன்றைத் தவறுதலாக கமிட் செய்துவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் அது மறையாது, வரலாற்றில் இருக்கும். அந்தச் சாவியையே ரத்து செய்து புதிது வாங்குவதுதான் வழி. போனில் எடுத்த படங்களுக்குள் இடத்தின் ஆயத்தொலை ஒளிந்திருக்கலாம். ஏற்றுமுன் அகலம் 1200 பிக்சலுக்குச் சுருக்கி, உள்தகவலையும் நீக்கிவிடுங்கள். 4 எம்பி படம் 150 கேபி ஆகும், வீட்டு முகவரியும் காக்கப்படும். கிட்ஹப்பின் மின்னஞ்சல் அமைப்பில் உங்கள் முகவரியை மறைக்கும் தேர்வு உண்டு, அது தரும் மாற்று முகவரியை கிட் அமைப்பில் எழுதினால் கமிட்களில் உங்கள் சொந்த மின்னஞ்சல் பதியாது. முதல் கமிட்டுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

இந்த ஜோடியால் முடியாதவையும் உண்டு. சர்வரில் பைதானோ பிஎச்பியோ ஓடாது, தரவுத்தளம் கிடையாது. பைதானின் ஃபிளாஸ்க் கொண்டு நீங்கள் எழுதிய வலைச் செயலியை இங்கே ஓட்ட முடியாது, அதைப் பற்றிய பதிவை மட்டும்தான் வைக்க முடியும். தேடல் பெட்டி வைக்கலாம், ஆனால் அது பிரவுசரிலேயே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் வகை. ‘கணினி’ என்று தேடினால் ‘கணினியில்’ அகப்படும். ‘பாடம்’ என்று தேடினால் ‘பாடத்தில்’ அகப்படாமல் போகலாம். குறிச்சொற்களை ஒழுங்காக வைத்தால் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டலாம். ஹியூகோ தானாகத் தரும் ஆர்எஸ்எஸ் ஓடையில் (புதிய பதிவுகளை வாசகரின் செயலிக்குத் தெரிவிக்கும் ஃபைல்) பதிவின் சுருக்கம் மட்டுமே இருக்கும். முழுப் பதிவும் வேண்டுமானால் அந்த டெம்ப்ளேட்டை நகலெடுத்து, சுருக்கம் என்ற இடத்தில் உள்ளடக்கம் என்று மாற்ற வேண்டும். ஓடையில் படிக்கும் வாசகர்கள் குறைவுதான், ஆனால் விடாமல் படிப்பவர்கள். அவர்களுக்காக இதைச் செய்யலாம்.

போனிலிருந்து எழுதுவதும் சிரமம். கிட்ஹப் தளத்திலேயே ஃபைலைத் திறந்து திருத்தலாம், பிழைதிருத்தத்துக்கு அது போதும். முழுப் பதிவை அப்படி எழுத முடியாது. கதை, கவிதை, கட்டுரை எழுதுவது மட்டுமே நோக்கம், தளத்தின் உள்வேலையில் ஆர்வமில்லை என்பவருக்கு பிளாகரையே பரிந்துரைக்கலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை. நிரல் எழுதுபவருக்குக் கணக்கு வேறு. மேலே சொன்ன சறுக்கல்கள் அத்தனையும், சப்மாட்யூல், எழுத்துக் குறியீடு, நேர வலயம், பாதைகள், பதிப்பு முரண் என்று எதுவானாலும், வேலைக்குப் போன பின் அன்றாடம் சந்திக்கப்போகிறவைதான். தன் பதிவு ஒன்று வெளியாக வேண்டும் என்ற ஆசையோடு அவற்றைச் சந்திக்கும்போது பாடப்புத்தகத்தைவிட ஆழமாகப் பதியும். எழுதியவை எல்லாம் டெக்ஸ்ட் ஃபைல்களாக உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கும் என்பதும் சின்ன விஷயமல்ல. நாளை கிட்ஹப் வேண்டாம் என்றாலும் அதே ஃபோல்டரை வேறு எந்த இலவச இடத்திலும் ஏற்றலாம், ஒரு பதிவும் போகாது.

தொடங்கும்போதே ஒன்றைச் செய்துவிடுங்கள். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலை மட்டும் வைத்து கிட்ஹப் கணக்கு திறக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் அந்த முகவரியை மூடிவிட்டால், கணக்கை மீட்க அனுப்பும் கடிதம் உங்களுக்கு வந்து சேராது. சொந்த முகவரியை முதன்மையாக வைத்து, மாணவர் சலுகைகளுக்காகக் கல்லூரி முகவரியை இரண்டாவதாகச் சேருங்கள். ஒரே கணக்கில் இரண்டும் இருக்கலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கும்போது கிட்ஹப் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்செடுத்து, போனிலிருந்து விலக்கி வேறிடத்தில் வையுங்கள்.